சிறையிலிருந்து திரும்பியவர் வேலையும் குடும்பமும் அமைத்துக்கொள்ளும் முறை

பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலிருந்து 2024இல் ஒரு மாலை விடுதலையான ஒருவரை அழைத்துவருவதற்காக, சட்ட உதவித் தன்னார்வலன் என்ற முறையில் நான் வாசலில் காத்திருந்தேன். பதினோர் ஆண்டுகள் உள்ளே இருந்தவர் அவர். வெளியே வந்ததும் பக்கத்துக் கடையில் ஆளுக்கொரு டீ குடித்தோம். காசைத் தாமே கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர், சிறைக்குள் போன நாளில் போட்டிருந்த சட்டையின் உள்பையைத் துழாவி, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய தாள் அது. கடைப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கல்லாப்பெட்டியில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினான். அவருக்குத் தாள் ஏன் செல்லாது என்பதும் விளங்கவில்லை, அட்டை எதற்கு என்பதும் விளங்கவில்லை. ஆனால் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் என்னிடம் கேட்டது பணத்தைப் பற்றி அல்ல. "வேலை கேட்டுப் போனா இத்தனை வருசம் எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்ல?" என்றார்.

தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து தண்டனை முடிந்தோ, முன்கூட்டியோ விடுதலையாகிறவர்களுக்கும், அவர்களை வீட்டில் ஏற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கும் அந்தக் கேள்வியை ஒட்டியே இதை எழுதுகிறேன். தாள்களைச் சேர்ப்பது, வேலை தேடுவது, குடும்பம் அமைப்பது ஆகிய எல்லாவற்றிலும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஒன்றுதான்: நடந்ததை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது. எல்லாரிடமும் மறைத்தவர்கள் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற அச்சத்திலேயே ஒவ்வொரு வேலையையும் மூன்றாம் மாதம் விட்டுவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். எல்லாரிடமும் முதல் வாக்கியத்திலேயே கொட்டிவிட்டவர்கள், தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனாலும் முதலில் தேடப்படும் ஆளாகிவிடுகிறார்கள்.

வெளியே வருவதற்கு முன்பே

ஆயத்தம் சிறைக்குள்ளேயே தொடங்க வேண்டும். பேச்சுவழக்கில் நாம் பரோல் என்று சொல்லும் விடுப்பைத் தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றில் அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை உண்டு. சாதாரண விடுப்புக்கான காரணங்களில், குடும்பத்தின் பிழைப்புக்கும் விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஏற்பாடு செய்துகொள்வது என்பதே ஒன்று. சிறைவாசியின் திருமணமும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையும் வீட்டைப் பழுதுபார்ப்பதும்கூட அவற்றில் அடங்கும். பெரும்பாலானோர் விடுப்பில் வந்து உறவினரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசி விடுப்பிலாவது இரண்டு நாளை ஒதுக்கி, வேலை தரக்கூடிய ஒருவரை நேரில் பார்த்துவிட்டு வருவது, பிறகு வெளியே வந்து அலையும் மூன்று மாதத்தை மிச்சப்படுத்தும்.

விடுப்பு மனு வந்தால் வீட்டுக்கு விசாரிக்க வருகிறவர் நன்னடத்தை அலுவலர். அவரைக் காவல்துறைக்காரர் என்று எண்ணி வீட்டார் பயப்படுவதும், பாதி விவரத்தை மறைப்பதும் வழக்கமாக இருக்கிறது. உண்மையில், விடுதலையான பிறகு உதவி கேட்டுப் போகவேண்டிய முதல் ஆள் அவரே. தமிழ்நாடு விடுதலைபெற்ற கைதிகள் உதவிச் சங்கத்தின் வழியாகத் தொழில் தொடங்க உதவி கேட்பதற்கும் அவர் மூலமாகவே விண்ணப்பிப்பது நல்லது. உதவி எப்போதும் கிடைக்கும் என்றோ, விரைவில் கிடைக்கும் என்றோ நான் சொல்லமாட்டேன். விண்ணப்பத்தை உள்ளே இருக்கும்போதே எழுதியவருக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கிறது என்பது மட்டும் நான் பார்த்தது.

உள்ளே கற்ற தொழிலுக்குச் சான்று கேட்டு வாங்குங்கள். வேலூர்ச் சிறையில் காவலர்களுக்கான காலணி தைக்கிறார்கள். மற்ற மத்தியச் சிறைகளில் தறி, தையல், ரொட்டி அடுமனை, புத்தகக் கட்டு எனப் பல பட்டறைகள் நடக்கின்றன. இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் தண்டனைக் கைதிகளே எண்ணெய் நிரப்புகிறார்கள், காசு வாங்கிக் கணக்கு ஒப்படைக்கிறார்கள். பணத்தைக் கையாண்டு, கணக்குப் பிசகாமல் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர் என்பதற்கு ஒரு தாள் இருந்தால், வெளியே எந்தச் சிபாரிசுக் கடிதமும் அதற்கு ஈடாகாது. பட்டறைப் பொறுப்பாளரிடமும் நல அலுவலரிடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டது விடுதலை நாளின் பரபரப்பில் மறந்துபோய்விடும்.

முதல் மாதத்தின் தாள்கள்

விடுதலைச் சான்றையும், முன்கூட்டிய விடுதலை என்றால் அதற்கான அரசாணையின் நகலையும், மூன்று நகல்கள் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். அரசாணையில் நிபந்தனைகள் இருக்கும். அவற்றை வழக்கறிஞரையோ தன்னார்வலரையோ வைத்து வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்; நிபந்தனையை மீறினால் மீதித் தண்டனைக்குத் திரும்ப அழைக்கப்படலாம். 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் ஒரே நேரத்தில் விடுவிக்கப்பட்டதை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள். அப்படிக் கூட்டமாக வெளியே வருகிறபோது, தம் உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமலே ஊர் போய்ச் சேர்கிறவர்கள் உண்டு.

அடுத்தது கைப்பேசி எண். நெடுங்காலம் பயன்படாத எண் வேறொருவருக்குப் போயிருக்கும், ஆனால் உங்கள் ஆதாரில் அதே பழைய எண் இருக்கும். ஆகவே எதற்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி முகம் தெரியாத யாருக்கோ போகும். புதிய சிம் வாங்கியவுடன் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் சென்று எண்ணை மாற்றிவிட்டால், மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். இரண்டு ஆண்டுக்கு மேல் பரிவர்த்தனை இல்லாத வங்கிக் கணக்கு செயலற்றதாகியிருக்கும். கேஒய்சி தாள்களைக் கொடுத்து அதை உயிர்ப்பித்துக்கொள்ளலாம். குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருந்தால் இ-சேவை மையத்தில் சேர்க்க விண்ணப்பியுங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மீண்டும் ஓட்டிக்காட்ட வேண்டும்.

சிறை சென்றவருக்கு ஓட்டு கிடையாது என்பது தவறு. சிறைக்குள் இருக்கும்போதுதான் வாக்களிக்க முடியாது; வெளியே வந்தபின் படிவம் 6 கொடுத்துப் பட்டியலில் சேரலாம். கடவுச்சீட்டில் மட்டும் ஒரு தடை உண்டு: ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுக்குள் செய்யும் விண்ணப்பத்தை மறுக்கலாம். விடுதலையான நாளிலிருந்து அந்த ஐந்து ஆண்டு தொடங்குவதாகப் பலர் தவறாக எண்ணிக்கொண்டு, தமக்கு இருக்கும் உரிமையையே கேட்காமல் இருக்கிறார்கள்.

வேலை கேட்கும்போது சொல்லும் சொல்

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அனுப்பிவைப்பதும் விடுதலை, தண்டனையை அனுபவித்து முடித்து வெளியே வருவதும் விடுதலை. "கேஸ் ஒண்ணு இருந்துச்சு, விடுதலை ஆயிட்டேன்" என்று சொல்லி, கேட்பவர் முதல் பொருளில் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு உண்மை தெரியும்போது முதலாளிக்குக் கோபம் வருவது பழைய குற்றத்தின் மேல் அல்ல, அந்தச் சொல் விளையாட்டின் மேல். "துபாயில இருந்தேன்" என்பது இன்னொரு வழக்கமான பதில். கடையநல்லூரிலிருந்து கீழக்கரை வரை துபாயில் ஆள் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? எந்தக் கம்பெனி, எந்த ஏரியா என்ற இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துபோகும்.

என் யோசனை இது. கேட்காத இடத்தில் நீங்களாக ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குச் சம்பளம் தரப்போகிற ஒருவரிடம், வேலையில் சேருவதற்கு முன், தனியாக, நின்றபடி, நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன பெரியவர் தென்காசிப் பக்கம் ஒரு மாவு மில்லில் வேலை கேட்டபோது சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணாச்சி, நான் ஒரு கொலைக் கேஸ்ல பதினோரு வருசம் பாளையங்கோட்டைல இருந்துட்டு வந்திருக்கேன். தண்டனை முடிஞ்சுது, பேப்பர் கையில இருக்கு. அங்க ரொட்டி அடுமனையில மாவு பிசையுற வேலை ஆறு வருசம் பார்த்தேன். மூணு மாசம் பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க." யாரைக் கொன்றார், ஏன் கொன்றார், தம் பக்கம் என்ன நியாயம் என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். செத்தவரைக் குறைசொல்லித் தம்மை நியாயப்படுத்துகிற விளக்கம் கேட்பவரை விலக்கிவிடுகிறது.

அந்த அண்ணாச்சி உடனே சரி என்று சொல்லவில்லை. மில்லின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு மூட்டையைக் காட்டி அதை அடுக்கச் சொன்னார், பிறகு, "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இங்க நிக்கக் கூடாது, சாவி என்கிட்டதான் இருக்கும், சரியா?" என்றார். பெரியவர் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் சரி என்றார். ஏழாவது மாதம் சாவி பெரியவரிடம் வந்தது.

அவருக்கு முன்பு இன்னொருவர் விஷயத்தில் நான் செய்த பிழையையும் எழுதிவிடுகிறேன். நல்லெண்ணத்தால், அவரைக் கேட்காமலே, அவர் சேரவிருந்த பட்டறையின் உரிமையாளருக்குத் தொலைபேசியில் எல்லா விவரத்தையும் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் வாய்திறப்பதற்குள் பட்டறையில் இருந்த எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. வேலை போயிற்று. சொல்ல வேண்டியவர் அவர்தான், உடன் வருகிறவர் பக்கத்தில் நின்றால் போதும் என்பதை அன்று கற்றேன். வீட்டாருக்கும் இது பொருந்தும்: மைத்துனர் முந்திக்கொண்டு சொல்லிவைப்பது உதவி ஆகாது.

எந்த வேலை என்பதில் சில நடைமுறைச் செய்திகள். வாட்ச்மேன் வேலையாவது கிடைக்கும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி தண்டனை பெற்றவரை முகமைகள் காவலராக அமர்த்த முடியாது, எனவே அங்கே அலைய வேண்டாம். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்கள் முகவரி, முன்வேலை என்று பல தாள் கேட்கும். ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு யூனிட்கள் கையைத்தான் பார்க்கின்றன. ஆனால் சிறைத் தையல் அறையின் வேகம் வேறு, பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவரின் வேகம் வேறு. முதல் சில வாரம் சனிக்கிழமைச் சம்பளம் பக்கத்து மெஷின்காரருடையதில் பாதிதான் வரும். அதைப் பார்த்து மனம் ஒடிந்து ஊர் திரும்பியவர்கள் உண்டு. கைமடியாக, அதாவது மெஷின்காரருக்கு உதவியாளராகச் சேர்ந்து மெல்ல மெஷினுக்கு மாறியவர்கள் நிலைத்திருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்வது கட்டாயம் என்றே நான் சொல்வேன், ஏனெனில் விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் அதன்வழி வருவதோடு, உங்கள் இன்றைய தொழிலைச் சொல்லும் ஓர் அரசு அட்டையும் கைக்கு வருகிறது.

வெளியே வந்தவரின் அவசரத்தை முகர்ந்து, பெரிய முன்பணத்தோடு தேடி வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். செங்கல் சூளைக்கோ வேறெதற்கோ, கூலியில் கழித்துக்கொள்கிறோம் என்று கொடுக்கப்படும் அந்தப் பணம் கழியவே கழியாது. 1976ஆம் ஆண்டின் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்துவிட்டது என்றாலும், அதிலிருந்து மீட்கப்படும் வரை நீங்கள் இன்னொரு சுற்றுச்சுவருக்குள் இருப்பீர்கள். தள்ளுவண்டி போடத் தண்டல்காரரிடம் கடன் வாங்குவதும் ஏறக்குறைய அதே கதைதான்.

அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் படிவத்தில் உள்ள கேள்விக்கு உண்மையையே எழுதுங்கள். அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், இளவயதில் செய்த சிறு குற்றத்தை வேலை தருபவர் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும், மறைத்தது அல்லது பொய்யாக எழுதியது தனியாக எடைபோடப்படும் என்றும் வகுத்தது. சிறைக்கு அனுப்பாமல் 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவின்கீழ் விடப்பட்டவர்களுக்கு, அந்தத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. இது பல வழக்கறிஞர்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராத பிரிவு. தீர்ப்பின் நகலை எடுத்துப் பாருங்கள். சிறுவராக இருந்தபோது இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போன வழக்குக்கும் பொதுவாக 2015ஆம் ஆண்டின் சட்டத்தில் இதே பாதுகாப்பு உண்டு.

தண்டனையோடு தொழில் உரிமமும் பறிபோகிற துயரம் புதியதன்று. வ.உ.சிதம்பரனார் அரசியல் கைதியே தவிரக் குற்றவாளி அல்லர். ஆனாலும் 1912இல் வெளியே வந்தபோது வழக்கறிஞர் சன்னது பறிக்கப்பட்டிருந்ததால், கப்பல் விட்டவர் சென்னையில் கடை வைத்துப் பிழைக்க நேர்ந்தது. சன்னதைத் திரும்பப் பெற உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று அவர் பெயர் வைத்தார். வேலையைத் திருப்பித் தந்தவரைத் திரும்பி வந்தவர் எவ்வளவு நெஞ்சில் வைத்திருப்பார் என்பதை, ஆள் எடுக்கத் தயங்கும் முதலாளிகளிடம் நான் இந்தப் பெயரைச் சொல்லித்தான் விளக்குவது வழக்கம்.

காவல் நிலையம்

ஊரில் ஏதாவது நடந்தால் முதலில் உங்களைக் கூப்பிடுவார்கள். திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் முன்பு, ஒழுங்காக இருப்பேன் என்று எழுதித்தரும் நன்னடத்தைப் பிணை கேட்டு நோட்டீஸ் வரும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 என்று பேசப்பட்ட அந்தப் பிரிவுகள் 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 126, 129 என்று எண் மாறியிருக்கின்றன. நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளிவதும், என்ன தாள் என்று படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதும் இரண்டுமே தவறு. பிணையை மீறியதாகச் சொல்லப்பட்டால் மீதிக் காலத்துக்குச் சிறை என்பதால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற இலவச எண்ணையோ அணுகி ஒரு வழக்கறிஞரோடு போவதே முறை. முதலாளியிடம் முன்பே உண்மையைச் சொல்லி வைத்திருப்பதன் பலன் இந்த இடத்தில்தான் தெரியும்: அன்று காலை முதல் மாலை வரை அவர் வேலையில் இருந்தார் என்று வருகைப் பதிவேட்டோடு சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

கொலை வழக்கில் போய் வந்தவர்கள், அதுவும் இரு குடும்பங்களுக்கோ இரு தெருக்களுக்கோ இடையில் நடந்ததென்றால், முதல் ஓராண்டு சொந்த ஊரில் தங்காதிருப்பது நல்லது. தென்மாவட்டங்களில் பழிக்குப் பழி என்பது பேச்சுக்குச் சொல்வதன்று. கோயில் கொடைக்கு வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று தாயார் அழுவார். அந்த ஓராண்டு அழட்டும்.

வீட்டில் இருந்தவர்கள்

காத்திருந்த மனைவியிடம் திரும்புவது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மாதம் ஒருமுறை மனு போட்டு, கம்பிக்கும் கண்ணாடிக்கும் அப்பால் நின்று, சத்தத்தினிடையே சில நிமிடம் பேசியே பத்தாண்டு போயிருக்கும். இதற்கிடையில் அவர் பீடி சுற்றியோ, வீட்டு வேலை பார்த்தோ, மகளிர் குழுக் கடன் அடைத்தோ தனியாக ஒரு குடும்பத்தை ஓட்டப் பழகியிருப்பார். திரும்பி வந்தவர் முதல் வாரத்திலேயே கல்லாவையும் கைப்பேசியையும் கேட்கத் தொடங்கினால் சண்டை நிச்சயம். நான் கணவன்மாரிடம் சொல்வது: மூன்று மாதம் இந்த வீட்டில் விருந்தாளியாக இருங்கள், சம்பளத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள். இரவில் விளக்கை அணைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதும், கதவு சாத்தும் ஓசைக்குத் துள்ளி எழுவதும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடி மீண்டும் தொடங்கினால் மட்டும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், ஏனெனில் பழைய கூட்டாளிகள் திரும்பி வரும் வழி பெரும்பாலும் அதுவே.

பிள்ளைகளிடம் "அப்பா துபாயில இருக்காரு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் உண்மை தெரியும். பள்ளியில் யாராவது சொல்லியிருப்பார்கள், அம்மா வருந்துவாரே என்று அது வாய்திறக்காமல் இருக்கும். தாயும் தந்தையும் சேர்ந்து உட்கார்ந்து, தந்தையே சொல்வது நல்லது. "நான் தப்புப் பண்ணினேன், அதுக்கு ஜெயில்ல இருந்தேன்" என்ற அளவு போதும்.

பெண்கள் வெளியே வரும்போது நிலைமை வேறு. ஆண் சிறைவாசிக்கு மனைவி காத்திருப்பதை ஊர் கற்பு என்கிறது. பெண் சிறைவாசிக்காகக் காத்திருந்த கணவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். அண்ணன் வீட்டில் நாலு நாள், அக்கா வீட்டில் நாலு நாள் என்று அலைந்து, கடைசியில் யாரோ ஓர் ஆணின் துணையைப் பற்றிக்கொள்ள நேர்ந்து மறுபடியும் வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. எனவே பெண்களுக்கு நான் முதலில் தேடச் சொல்வது வேலையை அல்ல, தங்குமிடத்தை. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் கேட்டால் பெண்களுக்கு உதவும் சகி மையம் அருகில் எங்கே இருக்கிறது என்பதையும், தங்கும் இல்லத்தையும் சொல்வார்கள். தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் உள்ள அரசு சேவை இல்லங்களில் படிப்பைத் தொடரவும் தொழில் கற்கவும் வசதி உண்டு. உறங்க ஒரு கதவுள்ள அறை கிடைத்த பிறகு தேடுகிற வேலையும் துணையும் வேறு தரத்தில் இருக்கும்.

புதிதாக ஒருவரை விரும்பினால்

வேலையிடத்திலோ அக்கம்பக்கத்திலோ ஒருவர்மேல் விருப்பம் உண்டாவது இயல்பு. எப்போது சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அவர் உங்களை நம்பித் தம் வீட்டாரிடம் பேசுவதற்கு முன். முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் தம் அம்மாவிடம் வாய்திறந்துவிட்ட பிறகு சொன்னால், உங்கள் கடந்தகாலத்துக்கு அவரும் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார். சொல்லும்போது தீர்ப்பின் நகலையும் காட்டுங்கள். பிறர் வாயால் கேட்கப்போகும் மிகையான கதைகளுக்கு முன் அது கையில் இருக்கட்டும். யோசிக்க நாள் கொடுங்கள். பதிலுக்காகத் துரத்துவது அன்பாகாது. மிரட்டலாகத்தான் அவர் காதில் விழும், உங்கள் பின்னணி தெரிந்தவருக்கு இரட்டிப்பாக விழும்.

மறைத்துச் செய்யும் திருமணத்துக்குச் சட்டத்திலும் உறுதி இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, முக்கியமான உண்மை ஒன்றைக் குறித்து ஏமாற்றிச் சம்மதம் பெறப்பட்டிருந்தால், அது தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். சிறைத்தண்டனையை மறைத்தது அத்தகைய உண்மையா என்று நீதிமன்றம் ஏறி நிற்கும் நிலைக்கு எந்தப் பெண்ணையும் கொண்டுபோகாதீர்கள். இரு வீட்டாரும் வராவிட்டாலும், தமிழ்நாட்டில் அதே சட்டத்தின் 7-ஏ பிரிவின்கீழ் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

இப்படி விருப்பம் கேட்கப்படுகிறவரின் வீட்டாருக்கும் ஒரு சொல். வழக்கு என்ன என்பதோடு, வெளியே வந்து எத்தனை மாதமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். முதலாளியை நேரில் போய்ப் பாருங்கள். முந்தைய மனைவியை அடித்ததோ, கொன்றதோ, பெண்ணைத் துன்புறுத்தியதோ வழக்கு என்றால், திருந்திவிட்டேன் என்ற சொல்லை மட்டும் நம்பி எந்தப் பெண்ணையும் நான் அனுப்ப மாட்டேன். அப்படிப்பட்ட வழக்கில் தண்டனை முடித்தவர், பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தேடிப்போவதும் கூடாது. அவர் உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்றால் அதோடு விட்டுவிடுவதே நீங்கள் செய்யக்கூடியது.

மாவு மில் பெரியவருக்கு வந்தது இப்படி ஒரு சம்பந்தம்தான். மில்லுக்கு அரிசி திரிக்க வரும் ஓர் அம்மாள், கணவனை இழந்தவர், இட்லிக் கடை வைத்திருக்கிறார். இவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணாச்சிக்குத் தெரியுமா?" தெரியும் என்றார். அந்த அம்மாள் திரித்த மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில், கடை திறப்பதற்கு முன், மில்லுக்கு வந்து அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார். இவர் உள்ளே பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. கடந்த தையில் திருமணம் பதிவானபோது சாட்சிக் கையெழுத்தில் முதல் கையெழுத்து அண்ணாச்சியுடையது.